பறவைகளுக்காக நீரைக் காத்த சலீம் அலி

கனமூலையில் வளர்ந்த எங்களுக்குக் களப்பு புதிதல்ல. இறால் வளர்ப்பதற்காகக் கண்டல் மரங்களை வெட்டிக் குளங்கள் தோண்டியதும், வெண்புள்ளி நோய் பரவியபின் அவற்றில் பல கைவிடப்பட்டதும் புத்தளம் மாவட்டத்தில் யாவரும் அறிந்த கதை. அழிந்த ஈரநிலத்தை மீட்க முடியுமா என்று கேட்போர், பறவைகளுக்காகவே வாழ்ந்த சலீம் அலியின் வாழ்க்கையை அறிந்திருத்தல் நல்லது.

சலீம் அலி 1896 நவம்பர் 12 ஆம் திகதி பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டை மஞ்சளாக இருந்தது. இதை உண்பது ஹலாலா என்ற சந்தேகத்துடன் மாமாவிடம் கொண்டு சென்றார். மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. அவர் சிறுவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கு செயலாளராக இருந்த மில்லார்ட், அலுமாரிகளைத் திறந்து பதப்படுத்தி வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். ஒரு சந்தேகத்துடன் போன சிறுவன், வாழ்நாள் முழுவதற்குமான ஆர்வத்துடன் திரும்பினான்.

ஆனால் அவருடைய பாதை இலகுவாக இருக்கவில்லை. கல்லூரிப் படிப்பு இடையில் நின்றது. பர்மாவில் குடும்பத் தொழிலைக் கவனிக்கச் சென்று, அங்கும் பறவைகளின் பின்னாலேயே திரிந்தார். பட்டம் இல்லாததால் அரச ஆய்வுப் பதவி கிடைக்கவில்லை. அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை. பெர்லின் சென்று அறிஞர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்றார். 1930 இல் திரும்பியபோது, அருங்காட்சியகத்தில் செய்த வேலையும் இல்லாமற் போயிருந்தது. மனைவி தஹ்மீனாவுடன் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் குடியேறி, தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதை நாள்தோறும் அவதானித்து எழுதினார். அந்த ஆய்வே அவருக்குப் பெயர் தேடித் தந்தது. 1939 இல் தஹ்மீனா காலமானார். அந்தத் துயரிலும் அவர் பணியை விடவில்லை. 1941 இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. பின்னர் ரிப்ளி என்பவருடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிகளில் எமது இலங்கைப் பறவைகளும் இடம்பெற்றுள்ளன.

அவருடைய பணிகளுள் பெரியது பரத்பூரைக் காத்தது. இராஜஸ்தானில் உள்ள அந்த ஈரநிலம் மன்னரின் வேட்டைக் களமாக இருந்தது. 1938 இல் ஒரே வேட்டையில் 4,273 பறவைகள் கொல்லப்பட்டன. சுதந்திரத்தின் பின் வேறோர் ஆபத்து வந்தது. நீரைத் திருப்பி, நிலத்தை வற்றச் செய்து பயிர் செய்யலாம் என்ற கோரிக்கை எழுந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அது நியாயமாகவே தோன்றும். ஆனால் நீர் போனால் மீன் போகும், மீன் போனால் பறவை போகும் என்பதைச் சலீம் அலி அறிந்திருந்தார். பிரதமர் நேருவிடம் பேசி அந்த முயற்சியைத் தடுத்தார். 1956 இல் அது பறவைகள் சரணாலயமானது. 1981 இல் ராம்சார் பட்டியலிலும் 1985 இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது.

இந்தக் கதையில் நாம் மறைக்கக் கூடாத ஒரு பகுதியும் உண்டு. 1982 இல் அங்கு எருமை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. சலீம் அலியும் அதை ஆதரித்தார். எதிர்த்த கிராமத்தவர்களுள் சிலர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். ஆனால் எருமைகள் வராததால் புல் அளவுக்கு மீறி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. பறவைகள் குறைந்தன. இதைக் கண்டறிந்தது வேறு யாருமல்ல, அவருடைய கழகம் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுதான். பின்னர் கிராமத்தவர்கள் உள்ளே சென்று புல் அறுக்க அனுமதிக்கப்பட்டனர். பெரிய அறிஞரும் தவறலாம். அதை மறைக்காமல் வெளியிடுவதே அறிவுக்குச் செய்யும் மரியாதை.

தமக்குக் கிடைத்த பெரிய சர்வதேசப் பரிசுப் பணத்தைத் தம் கழகத்துக்கே அளித்த சலீம் அலி, 1987 ஜூன் 20 இல் தொண்ணூறு வயதில் காலமானார்.

எமது மாவட்டத்தின் ஆனைவிழுந்தாவ சரணாலயம் 2001 இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கும் கைவிடப்பட்ட இறால் குளங்களில் கண்டல்களை மீட்கும் பணி நடக்கிறது. கன்றுகளை நட்டால் மட்டும் போதாது. வரம்புகளைத் திறந்து, உவர்நீர் முன்போல் வந்துபோக வழிவிட வேண்டும். களப்பை நம்பி வாழும் மீனவர்களையும் அந்தப் பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பரத்பூர் கற்றுத் தந்த இரு பாடங்களும் இவைதாம். அல்லாஹ் எமக்குத் தந்த களப்பு ஓர் அமானிதம். அதை எம் பின்னால் வருவோரிடம் நீருடனும் பறவைகளுடனும் ஒப்படைப்பது எம் கடமை.