குண்டைத் தேடிய கிரகாம் பெல்

டெலிபோனைக் கண்டுபிடித்தவர் கிரகாம் பெல். இது எல்லோருக்கும் தெரியும். மண்ணுக்குள் புதைந்த காசைத் தேடும் கருவிக்கும் அவர் ஒரு முன்னோடி. இது பலருக்குத் தெரியாது.

பெல் 1847-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் பிறந்தார். தாயாருக்குக் காது சரியாகக் கேட்காது. அதனால் சிறு வயதிலேயே பெல்லின் கவனம் ஒலியின் மீது சென்றது. பின்னர் அமெரிக்காவுக்குப் போய், காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1876-ல் டெலிபோனுக்குக் காப்புரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது 29.

ஜனாதிபதி சுடப்பட்டார்

1881-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டை வாஷிங்டன் ரெயில் நிலையத்தில் ஒருவன் சுட்டான். ஒரு குண்டு முதுகில் பாய்ந்து உடலுக்குள் தங்கிவிட்டது. அது எங்கே இருக்கிறது? டாக்டர்களுக்குத் தெரியவில்லை. அது எக்ஸ்ரே இல்லாத காலம்.

பெல் இரவு பகலாக உழைத்தார். கம்பிச் சுருள்களையும் டெலிபோனையும் இணைத்து ஒரு கருவி செய்தார. உலோகம் பக்கத்தில் வந்தால் டெலிபோனில் சத்தம் கேட்கும். மாட்டிறைச்சிக்குள் குண்டை வைத்துச் சோதித்தார். போரில் குண்டு பாய்ந்த பழைய சிப்பாய்களிடமும் சோதித்தார். குண்டு மேலாக இருந்தால் சத்தம் நன்றாகக் கேட்டது. சில அங்குலம் ஆழம் போனால் தேய்ந்து மறைந்தது.

ஏன் அப்படி?

சுருளின் காந்த சக்தி குண்டுவரை போக வேண்டும். குண்டின் பதில் திரும்பி வர வேண்டும். தூரத்துச் சிறு பொருளுக்கு, தூரம் இரண்டு மடங்கானால் போகும் சக்தி எட்டில் ஒரு பங்காகக் குறையும். திரும்பும்போது மறுபடியும் எட்டில் ஒரு பங்கு. ஆக, 64-ல் ஒரு பங்குதான் மிஞ்சும்!

ஜூலை 26-ந் தேதியும் ஆகஸ்டு 1-ந் தேதியும் வெள்ளை மாளிகையில் பெல் தேடினார். முதல் நாள் கம்பி இணைப்பில் தவறு. இரண்டாம் நாள் எங்கு வைத்தாலும் மெல்லிய சத்தம். மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பி மெத்தை ஒன்று இருந்தது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. வலப் பக்கத்தில் தேடவே பெரிய டாக்டர் அனுமதித்தார். குண்டோ இடப் பக்கத்தில், ஆழத்தில் கிடந்தது. செப்டம்பர் 19-ந் தேதி ஜனாதிபதி இறந்தார்.

துயரத்திலும் உழைப்பு

அந்த ஆகஸ்டில் பெல்லுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. சிறிது நேரத்தில் இறந்தது. அந்தத் துக்கத்திலும் அவர் வேலையை விடவில்லை. டெலிபோனுடன் இணைந்த ஊசி ஒன்றைச் செய்தார். ஊசி முனை குண்டில் பட்டால் சத்தம் கேட்கும். எக்ஸ்ரே வருமுன் போர்க்களங்களில் அது பயன்பட்டது.

இன்று காசு தேடுவோரின் கருவிக்கும் அதே விதிதான். மேலே கிடக்கும் காசு பளிச்சென்று பேசும். ஆழத்துக் காசு முணுமுணுக்கும். காசா, ஆணியா என்று சொல்வது கடினம்.

1922 ஆகஸ்டு 2-ந் தேதி கனடாவில் பெல் காலமானார். அடக்கத்தின்போது வட அமெரிக்காவில் டெலிபோன்கள் ஒரு நிமிடம் மவுனமாக இருந்தன.