கால்நடை மருத்துவத்தின் தந்தை

ஆவின் கன்றொன்று தேர்க்காலில் அகப்பட்டு மாய்ந்தது. அதற்கு ஈடாகத் தன் ஒரே மகனையும் தேர்க்காலில் இட்டான் சோழ மன்னன் ஒருவன். இது நாம் வழிவழியாகக் கேட்டுவரும் வரலாறு. வாயில்லா உயிர்க்கும் நீதி உண்டு என்பது அதன் கருத்து. ஆயினும், அவ்வாயில்லா உயிர் நோயுற்றுக் கிடந்தால் அதன் நோவை அறிந்து கூறுவார் யார்? நம் முன்னோர் மாட்டு வாகடம் எழுதி வைத்தனர். ஐரோப்பிய நாடுகளிலோ இலாடம் கட்டும் கொல்லரே குதிரைக்கும் மாட்டுக்கும் மருந்தளித்து வந்தனர். கால்நடை மருத்துவத்தை ஒரு தனிக் கலையாக்கி, அதனைக் கற்பிப்பதற்கென்றே உலகில் முதன்முதலாகக் கல்லூரி கண்ட பெருமை குளோது பூர்ழெலா என்னும் பிரெஞ்சுக்காரரைச் சாரும்.

பூர்ழெலா 1712 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27 ஆம் நாள், பிரான்சு நாட்டு லியோன் நகரில் பிறந்தார். குதிரைகளிடம் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. 1740 இல் அந்நகரத்துக் குதிரையேற்றப் பள்ளியின் தலைவரானார். குதிரையை ஊர்வதில் வல்லவர் பலர் இருக்க, அதன் உடலின் உள்ளமைப்பை அறிந்தவர் மிகச் சிலரே என்பது அவர் மனத்தை உறுத்தியது. ஆகவே, நகரத்து அறுவை மருத்துவர்களோடு கூடி, இறந்த குதிரைகளின் உடல்களை அறுத்து ஆராய்ந்தார். தாம் கண்டவற்றை நூலாக எழுதினார். திதரோ என்னும் அறிஞர் தொகுத்த பெருங் கலைக்களஞ்சியத்திற்கும் கட்டுரைகள் பல அளித்தார். மனிதர் உடலும் விலங்கின் உடலும் இயங்கும் முறையில் பெரிதும் ஒத்தவை. ஆதலின் இரண்டன் மருத்துவமும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பது அவர் கொள்கை.

அக்காலத்தில் ஐரோப்பா முழுவதையும் வெக்கை நோய் வாட்டிக்கொண்டிருந்தது. பிளவுபட்ட குளம்புடைய விலங்குகளைப் பற்றும் கொடுநோய் அது. மாடு கடுங்காய்ச்சலுற்று, கண்ணும் மூக்கும் ஒழுக, வாய் புண்ணாகி, கழிச்சல் கண்டு, சில நாளில் மாண்டுவிடும். ஏர் பூட்ட எருதின்றியும், குழந்தைக்குப் பாலின்றியும் உழவர் குடும்பங்கள் கலங்கின. இந்நோய் குதிரையைப் பற்றுவதில்லை. எனினும், குதிரை நூல் வல்லாராகிய பூர்ழெலா மாடுகளின் துயரைத் தமக்கு வேண்டாத செய்தி என்று ஒதுக்கவில்லை.

1761 ஆம் ஆண்டை நம் புதுச்சேரி மறத்தற்கில்லை. அவ்வாண்டு சனவரித் திங்களில் ஆங்கிலேயர் இந்நகரைக் கைப்பற்றி, அதன் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். போரினால் பிரெஞ்சு அரசின் கருவூலமும் நலிந்திருந்தது. அத்தகைய காலத்திலேதான், கால்நடைக்கெனக் கல்லூரி அமைக்க வேண்டும் என்று பூர்ழெலா விண்ணப்பித்தார். நிதியமைச்சர் பெர்த்தேன் அவருடைய நண்பர். உழவு நலிந்தால் நாடு நலியும் என்பதை உணர்ந்தவர். அவ்வாண்டு ஆகத்துத் திங்களில் அரசின் இசைவு கிடைத்தது. ஆறாண்டுக் காலத்திற்கு 50,000 லீவ்ரு பொருளுதவியும் வழங்கப்பெற்றது. 1762 இல், லியோன் நகர்ப் புறத்திலிருந்த பழைய விடுதி ஒன்றில் கல்லூரி தொடங்கிற்று.

நோய் பரவிய சிற்றூர்களுக்குப் பூர்ழெலா தம் மாணவரையே அனுப்பினார். அவர்கள் தொழுவந்தோறும் சென்று, நோயுற்றவற்றைப் பிரித்து வைத்து, தாம் அறிந்த மருந்துகளை அளித்தனர். கல்லூரியின் புகழ் எங்கும் பரவிற்று. டென்மார்க்கு, சுவீடன் முதலிய நாடுகளிலிருந்தும் மாணவர் வந்து பயின்று, தத்தம் நாட்டில் அத்தகைய கல்லூரிகளை நிறுவினர். பாரிசு நகருக்கு அண்மையில் அல்போர் என்னுமிடத்தில் பூர்ழெலா மற்றொரு கல்லூரியையும் அமைத்தார்.

ஆயினும், அவர் வெக்கை நோயை வென்றாரல்லர். 1774 இல் தென்மேற்குப் பிரான்சில் அது மீண்டும் பெருகியபோது மருந்துகள் பயன்படவில்லை. நோயுற்றவற்றைக் கொன்று புதைத்து, ஏனையவற்றைக் காப்பதே வழியாயிற்று. நோயின் காரணம் இன்னதென்று அறியாமலே, 1779 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3 ஆம் நாள் பூர்ழெலா மறைந்தார். அவர் விட்டுச் சென்றது மருந்தன்று. ஆராயும் முறையும், அதனைத் தொடர்வதற்குரிய மாணவர் கூட்டமுமே ஆகும்.

அச்செல்வத்தின் பயன் பின்னர் விளங்கிற்று. 1865 இல் பாரிசு நகர விலங்குக் காட்சிச் சாலைக்கு இலண்டனிலிருந்து இரண்டு சிறுமான்கள் வாங்கிவரப்பட்டன. அவற்றோடு வெக்கை நோயும் வந்து புகுந்தது. பல நாடுகளிலிருந்தும் அரிதின் முயன்று கொணர்ந்த மான், மாடு, ஆடு முதலியவற்றை அது பற்றியது. அல்போர்க் கல்லூரிப் பேராசிரியர் பூலே நிலைமையை ஆராய்ந்தார். நோயுற்றவற்றையும் அவற்றோடு பழகியவற்றையும் கொல்லுதலே தக்கது என்று துணிந்தார். நெஞ்சு நோகும் செயலே. ஆனால் வெளியிலிருந்த ஆநிரைகள் அதனால் பிழைத்தன. இக்காலத்தில் காட்சிச் சாலைக்குப் புதிதாக வரும் விலங்கைச் சிலகாலம் தனித்து வைத்து, நோயில்லை என்று தேர்ந்த பின்னரே ஏனையவற்றோடு சேர்க்கின்றனர். இத்தகைய இழப்புகள் கற்பித்த பாடம் இது.

நோய்க்குக் காரணம் நுண்வடிகட்டியையும் கடந்து செல்லும் நச்சுயிரி என்பது 1902 இல் புலப்பட்டது. அது தட்டம்மை நச்சுயிரிக்கு உறவுடையது. இமயமலைச் சாரலில் முக்தேசுவரத்திலுள்ள ஆராய்ச்சி நிலையத்திலும், பிறநாடுகளிலும் தடுப்பு மருந்துகள் உருவாயின. ஊர்தோறும் மாடுகளுக்கு ஊசி இடப்பட்டது. இந்தியாவில் வெக்கை நோய் இறுதியாகக் காணப்பட்டது, 1995 இல், நமக்கு அண்மையிலுள்ள வட ஆர்க்காட்டுப் பகுதியிலேயாம். 2011 இல் உலகமே அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதர் முற்றிலும் ஒழித்த நச்சுயிரி நோய் இதுவே. பூர்ழெலாவின் கல்லூரிக்கு அரசு இசைவளித்து அவ்வாண்டோடு சரியாக 250 ஆண்டுகள் நிரம்பின.

இடிக்கப்பட்ட புதுச்சேரி 1765 இல் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, படிப்படியாக எழுந்தது. இங்கும் 1994 இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. கோமாரி போன்ற நோய்கள் இன்னும் ஒழிந்தபாடில்லை. ஆற்ற வேண்டிய பணி மிகுதி. மாட்டுப் பொங்கலன்று மாட்டிற்கு மாலை சூட்டி மகிழ்கின்றோம். தன் நோவைச் சொல்லத் தெரியாத அவ்வுயிரின் கண்ணைப் பார்த்து, அதன் நோவை அறியக் கற்பதும் வழிபாடே. ஒருவர் தம் வாழ்நாளில் வெல்ல முடியாத பகையையும், அவர் ஏற்றிய கல்வி விளக்கு என்றேனும் ஒருநாள் வென்றே தீரும் என்பதைப் பூர்ழெலாவின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.