சுங்கப் பணத்தில் எழுந்த கோட்டைகள்

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் உள்ள ரோசன்போர்க் கோட்டையில், ரத்தக் கறை படிந்த உடைகள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அக்கோட்டையைக் கட்டிய மன்னர் நான்காம் கிறிஸ்டியன், 1644இல் ஸ்வீடனுக்கு எதிரான கடற்சண்டையில் வலது கண்ணை இழந்தபோது அணிந்திருந்தவை அவை. அப்போது அவருக்கு வயது 67. காயம்பட்ட பின்னும் கப்பல் தளத்தை விட்டு அகலாமல் நின்ற அந்த முதிய மன்னரை டேனிஷ் அரச கீதம் இன்றும் போற்றுகிறது. ஆயினும், அந்தச் சண்டையை உள்ளடக்கிய போரில் டென்மார்க் தோற்றது என்பதையும் நினைவில் கொண்டே அந்த உடைகளைப் பார்க்க வேண்டும்.

1577இல் பிறந்த கிறிஸ்டியன், தந்தை இரண்டாம் பிரடெரிக் மறைந்தபோது 10 வயதுச் சிறுவர். பிரபுக்கள் அவர் பெயரால் ஆட்சி நடத்தினர். 1596இல் டென்மார்க், நார்வே இரண்டுக்கும் மன்னராக முடிசூடிக்கொண்டார்.

அவருடைய செல்வத்தின் ஊற்றைக் காண எல்சினோர் நகரின் குரோன்போர்க் கோட்டைக்குச் செல்ல வேண்டும். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தின் களமாகவே உலகம் அதை அறியும். அதன் அன்றாட வேலை வேறு. பால்டிக் கடலுக்குச் செல்லும் ஒடுங்கிய நீரிணையில் வரும் கப்பல்கள் அங்கே நின்று சுங்கம் செலுத்தியாக வேண்டும். மறுப்போருக்குக் கோட்டையின் பீரங்கிகள் பதில் சொல்லும். அந்தப் பணம் பிரபுக்கள் சபையின் கைக்குப் போகாமல் நேரே மன்னரைச் சேர்ந்தது. கணக்குக் கேட்பார் இல்லாத பணம் அது. கிறிஸ்டியனின் ஆக்கங்களுக்கும் அழிவுகளுக்கும் அதுவே வேர் என்பது என் எண்ணம்.

தாம் பிறந்த பிரடெரிக்ஸ்போர்க்கில் தந்தை எழுப்பிய கட்டடத்தின் பெரும்பகுதியை இடித்துவிட்டு, ஏரி நடுவே புதிய கோட்டையை எழுப்பினார். ரோசன்போர்க்கை 1606இல் சிறிய கோடை மாளிகையாகத் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு வளர்த்தார். அங்கே தரைக்கு அடியில் இசைக் கலைஞர்களை அமர்த்தி, மறைவான குழாய்கள் வழியே இசை மேலெழுமாறு செய்தார். இசை எங்கிருந்து வருகிறது என அறியாமல் விருந்தினர் திகைத்தனர். இன்றைய ஓஸ்லோ, 1624இல் தீக்கிரையான பின் அவரால் மீண்டும் அமைக்கப்பட்டு, நெடுங்காலம் அவர் பெயரையே தாங்கி நின்றது. இதே மன்னரின் 1617ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்துதான் சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட பெண்கள் பலர் எரிக்கப்பட்டனர் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அவருடைய ஆசை நம் கரையையும் தொட்டது. 1616இல் அவர் ஆதரவுடன் தோன்றிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் 1620இல் உடன்படிக்கை ஏற்பட்டது. தரங்கம்பாடிக் கடலோரத்தில் டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது அதன் பயனே.

1625இல் ஜெர்மானிய நிலத்தில் நடந்த மதப்போரில் இறங்க மன்னர் விரும்பினார், சபை இசையவில்லை. ஹோல்ஸ்டைன் கோமகன் என்ற தமது மற்றொரு தகுதியில், சொந்தப் பணத்தைக் கொண்டு போரில் இறங்கினார். மறு ஆண்டே லூட்டர் களத்தில் படை சிதறியது. எதிரிகள் ஜட்லாந்து தீபகற்பம் முழுவதையும் ஆக்கிரமித்துச் சூறையாடினர். 1629இல் சமாதானம் வந்தபோது நிலம் மிஞ்சியது, கருவூலம் காலியாகியிருந்தது.

பணத்துக்காகச் சுங்கத்தை உயர்த்தினார். அதிகம் பாதிக்கப்பட்ட டச்சு வணிகர்கள் ஸ்வீடன் பக்கம் சாய்ந்தனர். ஒரு காலத்தில் வாழ்வளித்த நீரிணையே இப்போது பகையைக் கொண்டுவந்தது. 1645 உடன்படிக்கையில் காட்லாந்து, ஓசல் தீவுகளும் நார்வேயின் இரு மாகாணங்களும் கைவிட்டுப் போயின. தரங்கம்பாடியோ தாய்நாட்டால் மறக்கப்பட்டது. அவர் மறைந்து 20 ஆண்டுகள் கழிந்த பின், 1669இல்தான் டென்மார்க்கிலிருந்து அங்கே மீண்டும் ஒரு கப்பல் வந்தது.

1648 பிப்ரவரி 28 அன்று தமக்குப் பிரியமான ரோசன்போர்க்கிலேயே கிறிஸ்டியன் கண்மூடினார். 1596இல் அவர் சூடிய மணிமுடி அப்போது ஹாம்பர்க் நகரில் அடகில் இருந்தது. மகன் மூன்றாம் பிரடெரிக் தம் முடிசூட்டு விழாவுக்காக அதை மீட்டார். இன்று அது ரோசன்போர்க்கின் நிலவறைக் கருவூலத்தில் இருக்கிறது.