சோடாக் கடை வைத்த பல் டாக்டர்



இந்த முறை நான் டாக்டர் ரபியுதீன் அகமது பற்றி எழுதுகிறேன். இந்தியப் பல் மருத்துவத்தின் தந்தை என்று பல் டாக்டர்கள் எல்லாரும் சொல்வது இவரைத்தான்.

இவர் 1890-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி, இப்போது வங்கதேசத்தில் இருக்கும் பர்தன்பாராவில் பிறந்தார். அப்போ நம் நாட்டில் பல் மருத்துவம் முறையாகப் படிக்கக் கல்லூரி கிடையாது. அதனால் அமெரிக்கா போய், அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-இல் பட்டம் வாங்கினார். பிறகு பாஸ்டன் நகரில், குழந்தைகளுக்கென்றே இருந்த ஃபோர்சைத் பல் மருத்துவமனையில் வேலை பார்த்தார். அங்கேயே வசதியாக இருந்திருக்கலாம். ஆனால் 1919-இல் நாடு திரும்பிட்டார்.

1920-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ஆரம்பித்தார். பணத்துக்கு என்ன செய்தார் தெரியுமா? நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்று ஒரு கடை வைத்தார்! இனிப்பு சோடா பல்லுக்கு ஆகாது. ஆனா அந்தக் காசுதான் பல் டாக்டர்களை உருவாக்கியது. 1925-இல் பல் மருத்துவத்துக்காக ஒரு இதழும் தொடங்கினார். 1949-இல் அந்தக் கல்லூரியை அரசாங்கத்துக்கே கொடுத்துட்டார். மேற்கு வங்கத்தில் அமைச்சராகவும் இருந்தார். 1964-இல் பத்மபூஷண் பெற்றார். 1965 பிப்ரவரி 9-இல் மறைந்தார். அவர் பிறந்த நாள்தான் தேசிய பல் மருத்துவர் தினம்.

இவரைப் பற்றி நான் எழுதக் காரணம் என் தம்பி. நாலாவது படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் பாதி உடைஞ்சு போச்சு. போனது போச்சுன்னு வீட்டில விட்டுட்டாங்க. இன்னைக்கும் போட்டோ எடுத்தா வாயை மூடிக்கிட்டுதான் நிற்பான். கரும்பு கடிக்கவும் முடியாது.

பால்பல் விழுந்தால் கூரை மேல வீசுவோம். அது சரி, மறுபடி முளைக்கும். ஆனால் ஏழு எட்டு வயசில் முளைக்கும் மேல் முன்பல் நிலையான பல். அது போனால் வேறு பல் வராது. அதனால் தோழர்களே, கபடியிலோ சைக்கிளிலோ அடிபட்டு அந்தப் பல் முழுசா விழுந்தால் தூக்கிப் போடாதீங்க. வெள்ளைப் பகுதியை மட்டும் பிடிச்சு எடுங்க, வேரைத் தொடக்கூடாது. மண் இருந்தால் சுத்தமான தண்ணீரில் லேசா அலசணும், தேய்க்கக் கூடாது. விழுந்த குழியிலேயே திரும்ப வைக்கலாம். முடியலைன்னா ஒரு டம்ளர் பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓடணும். வேரின் மேலுள்ள உயிருள்ள மெல்லிய சவ்வு காய்ந்துவிட்டால் பல் சரியாக ஒட்டாது. பல் உடைந்தால் அந்தத் துண்டையும் பாலில் போட்டு எடுத்துப் போங்க, ஒட்ட வைக்க முடியும்.

துண்டு இல்லாவிட்டாலும் என் தம்பி பல்லைப் பல் நிறத்துச் சிமெண்ட் வைத்துச் சரி செய்யலாமாம். நம்ம கோரிமேட்டிலேயே மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்தக் காலத்தில் அகமது பல் மருத்துவம் படிக்கக் கடல் தாண்டிப் போனார். நாம் பஸ் ஏறினால் போதும். அவனைக் கூட்டிட்டுப் போகச் சொல்லி அப்பாவிடம் கேட்டிருக்கிறேன்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல் மட்டுமா, சிரிப்பும்தான் போகுது!

– 9-ஆம் வகுப்பு மாணவி, குருவிநத்தம்