நாணயம் காத்த அறிஞர் மக்ரீஸீ



நம் தமிழில் ‘நாணயம்’ என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள் உண்டு. வியாபாரிகளாகிய நாம் இரண்டையும் நம்பித்தான் கடை திறக்கிறோம். ஒன்று கெட்டால் மற்றதும் கெடும் என்பதை ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் கெய்ரோ நகரத்துச் சந்தையில் கண்ணால் கண்டு எழுதிவைத்தவர் இமாம் தகிய்யுத்தீன் அஹ்மத் அல்-மக்ரீஸீ (ரஹ்) அவர்கள். அன்னாரின் சரித்திரத்தை இங்கே சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

இப்போது ஏன் இந்தச் சரித்திரம் என்று கேட்கலாம். தங்க தீனாரும் வெள்ளி திர்ஹமும் அச்சடித்து விற்பவர்கள் நம் கடைத்தெருவுக்கும் வருகிறார்கள். அரசாங்கத்தின் காகிதப் பணத்தை விடுங்கள், இதுவே நம் மார்க்கத்தின் பணம் என்கிறார்கள். அவர்கள் சாட்சிக்கு அழைக்கும் பெயர்களில் மக்ரீஸீ அவர்களுடைய பெயரும் ஒன்று. ஆகையால் அவர் மெய்யாகவே என்ன சொன்னார் என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

மக்ரீஸீ அவர்கள் 1364ஆம் ஆண்டில் கெய்ரோவில் பர்ஜவான் என்னும் பகுதியில் பிறந்தார்கள். முன்னோர் பஅல்பக் நகரத்தவர். ஹனஃபீ மத்ஹபைச் சேர்ந்த தாய்வழிப் பாட்டனாரிடம் வளர்ந்தார்கள். வாலிபத்தில் நம்மில் பலர் பின்பற்றும் ஷாஃபியீ மத்ஹபைத் தழுவினார்கள். துனீஸிலிருந்து கெய்ரோ வந்திருந்த பேரறிஞர் இப்னு கல்தூன் அவர்களிடம் பாடம் கேட்டார்கள். ஒரு நாட்டின் வாழ்வுக்கும் தாழ்வுக்கும் காரணம் தேடும் பழக்கத்தை அங்கேதான் கற்றார்கள் என்பர்.

1399இல் சுல்தான் பர்கூக் அவர்களை கெய்ரோவின் முஹ்தசிபாக நியமித்தார். முஹ்தசிப் என்றால் சந்தைக் கண்காணிப்பாளர். தராசு சரியா, படி சரியா, பண்டத்தில் கலப்படம் உண்டா என்று கடை கடையாகப் பார்ப்பது அவர் வேலை. புகாரீ ஷரீஃபுக்கு ‘உம்தத்துல் காரீ’ என்ற விரிவுரை எழுதிய பத்ருத்தீன் அய்னீ அவர்களும் மக்ரீஸீ அவர்களும் இப்பதவியில் மாறி மாறி அமர்ந்தார்கள். ஆக, காசைப் பற்றி மக்ரீஸீ எழுதியது ஏட்டுப் படிப்பினால் மட்டுமல்ல. கல்லாப்பெட்டி அருகே நின்று பார்த்து எழுதியது.

அந்நாளில் எகிப்தில் தங்க தீனார், வெள்ளி திர்ஹம், சில்லறைக்குச் செம்புக் காசு என மூன்று வகை இருந்தன. செம்புக் காசுக்கு ஃபுலூஸ் என்று பெயர். பர்கூக்கின் ஆட்சியில் மஹ்மூத் இப்னு அலீ என்னும் அதிகாரி ஐரோப்பியரிடமிருந்து செம்பை வரவழைத்து ஃபுலூஸை ஏராளமாக அச்சடித்தார். மலிவான செம்பு, காசானதும் விலை கூடிவிடும். அந்த லாபம் அச்சடித்தவர்க்கு. அதே சமயத்தில் வெள்ளி அச்சடிப்பது குறைந்தது. கையில் இருந்த திர்ஹங்களையும் ஜனங்கள் உருக்கி நகை செய்தார்கள். நல்ல காசு மறைய, செம்பு மட்டும் மிஞ்சியது. முடிவில் செம்பை எண்ணி வாங்காமல் எடை போட்டு வாங்கும் நிலை வந்தது.

1403இல் நைல் நதி பொய்த்தது. பஞ்சமும் கொள்ளை நோயும் சேர்ந்து வந்து ஜனங்கள் கூட்டங்கூட்டமாக மாண்டார்கள். 1405இல் மக்ரீஸீ அவர்கள் ‘இகாஸத்துல் உம்மா’ என்ற சிறு நூலை எழுதினார்கள். துன்பம் நீண்டதற்கு அதில் மூன்று காரணம் காட்டினார்கள். பதவிகள் லஞ்சத்துக்கு விற்கப்பட்டது ஒன்று. நிலக் குத்தகை ஏறியது இரண்டு. செம்புக் காசு பெருகியது மூன்று.

அந்நூலில் நாட்டு மக்களை ஏழு வகுப்பாகப் பிரித்து, யாருக்கு என்ன நேர்ந்தது என்று கணக்குப் பார்க்கிறார்கள். நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கும் அதில் இடமுண்டு. வியாபாரி நிறையச் சம்பாதித்ததாக நினைக்கிறான். ஆனால் அந்தக் காசைக் கொண்டு மறுபடி சரக்கு வாங்கப் போகும்போது முன் வாங்கிய அளவு கிடைப்பதில்லை. கல்லா நிறைகிறது, கடை காலியாகிறது. மலாயாவில் இதை நம் பெரியவர்கள் அனுபவித்தார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் வெளியிட்ட வாழைமர நோட்டு, அவர்கள் தோற்றதும் வெறுங்காகிதமாயிற்று. அப்படி ஒரு கட்டை எம் பாட்டனார் கடைசிவரை பெட்டியில் வைத்திருந்தார்.

மக்ரீஸீ அவர்கள் சொன்ன பரிகாரம் இதுதான்: விலையும் கூலியும் தங்கத்திலும் வெள்ளியிலும் நிற்கட்டும், செம்பு அற்பச் சில்லறைக்கு மட்டும் இருக்கட்டும். அக்காலத்தில் வெள்ளித் தட்டுப்பாடு ஐரோப்பாவிலும் இருந்தது என்றும், எகிப்தின் அதிகாரிகளை மட்டும் குறை சொல்ல இயலாது என்றும் பிற்காலச் சரித்திர ஆசிரியர்கள் கூறுகிறார்கள். அதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. அந்நாளில் எகிப்திய வியாபாரிகள் வெனிஸ் நகரத்துத் தங்கக் காசை விரும்பி வாங்கினார்கள். சுல்தான்களுடைய தீனார் ஒன்று கனமாகவும் ஒன்று லேசாகவும் இருந்தது. வெனிஸ் காசோ 1284 முதல் ஒரே எடை, ஒரே மாற்று. சுமார் மூன்றரை கிராம். எடை நிலையாக இருந்ததால் அந்நியக் காசையும் முஸ்லிம் வியாபாரி நம்பினான். சுல்தான் பர்ஸ்பாய் 1425இல் ஏறக்குறைய அதே எடையில் அஷ்ரஃபீ தீனாரை அச்சடித்த பிறகே சொந்தக் காசுக்கு மதிப்பு வந்தது. அதையும் மக்ரீஸீ அவர்கள் உயிரோடு இருந்து பார்த்தார்கள்.

பின்னாளில் டமாஸ்கஸில் சில காலம் பாடம் நடத்தினார்கள். மக்காவில் தங்கியிருந்தார்கள். இஸ்லாமிய நாணயங்களைப் பற்றித் தனி நூல் ஒன்றும், கெய்ரோவின் தெருக்கள், சந்தைகள், பள்ளிவாசல்களைப் பற்றி ‘கிதத்’ என்னும் பெருநூலும் எழுதினார்கள். பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்தும், பதவியைத் தேடாமல் எழுத்திலேயே காலங்கழித்து, 1442இல் கெய்ரோவில் வஃபாத்தானார்கள்.

சகோதரர்களே, மக்ரீஸீ அவர்கள் தங்கத்தைப் போற்றியது உண்மை. ஆனால் ஆளுக்கொரு அச்சு வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. அச்சடிப்பவன் லாபத்தில் கண் வைத்தால் காசு கெடும் என்பதே அவர்கள் கண்ட உண்மை. அது சுல்தானுக்கும் பொருந்தும், தனியார் கம்பெனிக்கும் பொருந்தும்.

2010இல் கிளந்தான் மாநில அரசு தீனாரும் திர்ஹமும் வெளியிட்டது. அவை நாட்டின் சட்டப்படி செல்லுபடியாகும் பணமல்ல என்று மத்திய அரசு அறிவித்தது. நாமும் ஒருமுறை ஒரு வியாபாரியிடம் ஒரு தீனார் வாங்கினோம். விற்கப் போனபோது நகைக்கடைக்காரர் அதை உரசிப் பார்த்து, உருக்குத் தங்கத்தின் விலைதான் தந்தார். கூடுதலாகக் கொடுத்த பணம் போனது போனதுதான். எங்களுக்காவது காசு கையில் இருந்தது. தங்கத்தை எங்களிடமே விட்டுவையுங்கள், மாதாமாதம் லாபம் தருகிறோம் என்ற பேச்சை நம்பியவர்களுக்கு அதுவும் இல்லை.

சேமிப்புக்குத் தங்கம் வாங்குவது தவறல்ல. வாங்குமுன் முஹ்தசிபைப் போல மூன்று கேள்வி கேளுங்கள். எடையையும் மாற்றையும் சோதித்தது யார்? திரும்ப வாங்குவது யார், என்ன விலைக்கு? தங்கம் இருப்பது யார் பெட்டியில்? பதில் சரியாக வராவிட்டால், காசு எவ்வளவு மின்னினாலும் கல்லாவை மூடிக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் நம் தராசையும் நம் நாவையும் நேராக வைப்பானாக, ஆமீன். வஸ்ஸலாம்.