பாக்ஸிங் கிளவுஸ் போட்ட கை... ஆமையை அடையாளம் காட்டியது! தெரணியகல என்ற மனிதரின் கதை

ஜனவரி வந்துட்டா சென்னைக் கடற்கரையில முட்டையிட வர்ற ஆலிவ் ரிட்லி ஆமைகளோட வீடியோ உங்க போன்லயும் ஓடியிருக்கும். ஆனா, ஒரு காலத்துல இந்த ஆமையையும் பெருந்தலை ஆமையையும் ஆராய்ச்சியாளர்களே போட்டுக் குழப்பிக்கிட்டு இருந்தாங்க. அந்தக் குழப்பத்தைத் தீர்த்து வெச்சவங்கள்ல முக்கியமானவர், இலங்கையைச் சேர்ந்த பி.இ.பி.தெரணியகல. இளமையில இவர் ஒரு குத்துச்சண்டை வீரர்!

மேடையிலிருந்து மியூசியத்துக்கு...

1900-ல் கொழும்பில் பிறந்தவர். அப்பா சர் பால் பீரிஸ், பெயர்பெற்ற வரலாற்று ஆசிரியர். கல்கிசை புனித தோமையார் கல்லூரியில் படிப்பு. பிறகு இங்கிலாந்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். அங்கே படிப்போடு குத்துச்சண்டையும் சேர்ந்துகொண்டது. அடுத்து அமெரிக்காவின் ஹார்வர்டு. இவ்வளவு படிச்சவர் ஊர் திரும்பித் தேடிப்போனது ஆமை, முதலை, பாம்பு, பல்லிகளைத்தான்.

1939-ல் இலங்கையின் ஆமைகள், முதலைகள் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அதே ஆண்டு கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். 1963 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவர் ஓவியரும்கூட. 1950-களில் இலங்கையின் மீன்களுக்கும் ஊர்வனவற்றுக்கும் வண்ணப்பட நூல்கள் கொண்டுவந்தார்.

இரத்தினபுரியில் மாணிக்கக்கல் தோண்டும் குழிகளையும் அவர் விடவில்லை. இலங்கையில் ஒரு காலத்தில் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் எல்லாம் வாழ்ந்ததை அந்தப் பகுதியில் கிடைத்த எலும்பு, பற்களை வைத்தே உலகுக்குச் சொன்னார். விளையாட்டையும் மறக்கலை. சிங்களவர்களின் பாரம்பரியச் சண்டைக் கலைகள், களத்து விளையாட்டுகள், நீர் விளையாட்டுகள் பற்றித் தனி நூலே எழுதினார்.

பேர் தெரிஞ்சா என்ன லாபம்?

நியாயமான கேள்விதான். எது எந்த ஆமைனு தெரியாம எத்தனை இருக்குனு எண்ண முடியாது. எண்ணாம, குறையுதுன்னு எப்படித் தெரியும்? குறையுறது தெரியாம எதைக் காப்பாத்துறது? சென்னையில 1988-லிருந்து மாணவர்கள் ராத்திரி முழுக்கக் கரையில நடந்து ஆமை முட்டைகளைப் பாதுகாக்குறாங்களே... அந்த வேலைக்கு முன்னாடி, யாரோ ஒருத்தர் பொறுமையா உட்கார்ந்து ஓடுகளை அளந்து, செதில்களை எண்ணியிருக்கணும். அப்படி எண்ணியவர்களில் ஒருவர் தெரணியகல.

1976-ல் அவர் மறைந்தார். பிற்பாடு, இலங்கையில் ஓர் அரணை இனத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அரணைன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? அரணை கடிச்சா மரணம்னு பாட்டி சொன்னதுதானே? உண்மையில அதுக்கு விஷமே கிடையாது. தியாகதுருகம் மலைக்கோட்டைப் பாறை இடுக்குலயோ, கல்வராயன் மலைப் பாதையிலயோ பளபளன்னு ஓர் அரணை ஓடினா, கல்லை எடுக்காதீங்க. போனை எடுத்து ஒரு போட்டோ பிடிங்க. அது என்ன இனம்னு தேடிப் பாருங்க. பேர் தெரிஞ்சுட்டா அடிக்க மனசு வராது பாஸ்!