கொல்லர் மகன் கண்ட அதிசயம்

வீட்டில் ஏ.சி. எந்திரம் ஓடுகிறது. ஆனால் அறை குளிரவில்லை. கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் தானே நின்றுவிடுகிறது. வேறு சில வீடுகளில், பல் கிட்டும் அளவுக்குக் குளிர்ந்த பிறகும் நிற்காமல் ஓடுகிறது.

எந்திரமே போய்விட்டது என்று குடும்பத்தார் பயப்படுகிறார்கள். பல ஆயிரம் ரூபாய் செலவு வருமே என்று கவலைப்படுகிறார்கள்.

சில சமயம் எந்திரம் நன்றாகவே இருக்கும். அதற்குள், மெல்லிய ஒயரின் நுனியில், மிளகு போல ஒரு சிறு மணி இருக்கிறது. அதற்குப் பெயர் சென்சார். அறை எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை எந்திரத்துக்குச் சொல்வது அதுதான். மணி பொய் சொன்னால், எந்திரமும் தப்பாக நடக்கும்.

அந்த மணி பிறப்பதற்கு வழி காட்டியது, 1833-ம் ஆண்டு லண்டனில் நடந்த ஒரு சோதனை. அதைச் செய்தவர் அதிகம் பள்ளிக்கூடம் போகாத ஓர் ஏழை. அவர் பெயர் மைக்கேல் பாரடே.

ஒரு வாரம், ஒரு ரொட்டி

பாரடே 1791-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி லண்டனை அடுத்த ஓர் ஊரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ், இரும்பு அடிக்கும் கொல்லர். அவர் அடிக்கடி நோயில் படுத்தார். அதனால் வீட்டில் வறுமை குடிகொண்டது.

1801-ம் ஆண்டு இங்கிலாந்தில் தானிய விலை ஏறியிருந்தது. அப்போது பாரடேக்கு வயது 9. வாரத்துக்கு ஒரு ரொட்டிதான் அவருக்குக் கிடைத்தது. அதையே ஏழு நாளும் வைத்துச் சாப்பிட வேண்டும்.

எழுதவும் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் கற்றார். அதோடு பள்ளிப் படிப்பு நின்றது. 13-வது வயதில், ரீபோ என்ற புத்தக வியாபாரியிடம் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். மறு ஆண்டு புத்தகம் பைண்டு செய்யும் தொழிலைக் கற்கத் தொடங்கினார். 7 ஆண்டு பயிற்சி. நல்ல மனம் படைத்த ரீபோ, அதற்குப் பணம் வாங்கவில்லை.

பைண்டுக்கு வந்த புத்தகங்களைப் பாரடே தைத்தார், ஒட்டினார், படிக்கவும் செய்தார். ஒரு கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை இருந்தது. ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதிய ரசாயனப் புத்தகமும் கிடைத்தது. படித்ததைப் பாரடே அப்படியே நம்பவில்லை. கையில் இருந்த சில்லறைக்குச் சாமான் வாங்கித் தானே செய்து பார்த்தார். சரியாக வந்த பிறகுதான் நம்பினார்.

அந்தப் பழக்கம் கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை.

டிக்கெட் தந்த வாழ்வு

அந்தக் காலத்தில் லண்டனில் புகழ்பெற்ற விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி. ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற நிலையத்தில் அவர் சொற்பொழிவு ஆற்றுவார். 1812-ம் ஆண்டு, புத்தகக் கடைக்கு வந்த ஒருவர் பாரடேக்கு டிக்கெட் கொடுத்தார். பாரடே 4 சொற்பொழிவுகளைக் கேட்டார். எல்லாவற்றையும் அழகாக எழுதினார். படம் வரைந்தார். தானே பைண்டு செய்து, டேவிக்கு அனுப்பினார். வேலை கேட்டுக் கடிதமும் எழுதினார்.

1813-ம் ஆண்டு மார்ச் மாதம் வேலை கிடைத்தது. வாரச் சம்பளம் 25 ஷில்லிங். தங்குவதற்கு மாடியில் 2 அறைகள். கொல்லர் மகன் விஞ்ஞானக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டார்.

அழுக்கா? அதிசயமா?

1823-ம் ஆண்டு. வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் குளோரின் அடங்கிய பொருளைப் போட்டு, வாயை மூடிப் பாரடே சூடேற்றினார். குழாயின் உள்ளே எண்ணெய் போல ஏதோ படிந்தது.

அப்போது டாக்டர் பாரிஸ் என்ற நண்பர் அங்கு வந்தார். அழுக்குக் குழாயில் சோதனை செய்யலாமா என்று கேலி செய்தார். பாரடே குழாயின் நுனியை அரத்தால் அறுத்தார். குழாய் படார் என்று உடைந்தது. எண்ணெய் மாயமாக மறைந்தது!

மறுநாள் காலை டாக்டருக்குப் பாரடேயிடம் இருந்து கடிதம் வந்தது. அந்த எண்ணெய், திரவமாக மாறிய குளோரின் என்று அதில் எழுதியிருந்தது. நண்பர் அழுக்கு என்று நினைத்தது, புதிய கண்டுபிடிப்பு!

பிறகு அம்மோனியா வாயுவையும் பாரடே அழுத்தித் திரவமாக்கினார். குழாய்கள் வெடித்தன. கண்ணாடித் துண்டுகள் கண்ணில் பாய்ந்தன. அப்படியும் அவர் சோதனையை விடவில்லை.

வாயுவை அழுத்தினால் திரவமாகும். திரவம் மீண்டும் வாயுவாகும்போது, பக்கத்தில் உள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில் என்று இருப்பதும் இதனால்தான். இந்த விதியில்தான் வீட்டு ஏ.சி.யும் ஓடுகிறது.

கறுத்த வெள்ளி சொன்ன செய்தி

1831-ம் ஆண்டு, காந்தத்தின் துணையால் மின்சாரம் உண்டாக்கும் வழியைப் பாரடே கண்டார். மின்சார நிலையங்களில் சுழலும் ஜெனரேட்டர்களுக்கு அதுவே அடிப்படை.

1833-ம் ஆண்டு அவர் வெள்ளி சல்பைடு என்ற பொருளை எடுத்தார். வெள்ளிக் கொலுசு நாளடைவில் கறுத்துப்போகிறது அல்லவா? அந்தக் கறுப்பு பெரும்பாலும் இந்தப் பொருள்தான்.

உலோகம் சூடானால், அதில் மின்சாரம் ஓடுவது குறையும். இதை டேவி முன்பே காட்டியிருந்தார். ஆனால் வெள்ளி சல்பைடு தலைகீழாக நடந்தது. விளக்கில் சூடேற்றினால் மின்சாரம் அதிகமாக ஓடியது. விளக்கை எடுத்தால் குறைந்தது.

கம்பி சரியில்லை, கருவி பழுது என்று தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். பாரடே அப்படிச் செய்யவில்லை. சூடேற்றினார்; ஆறவிட்டார்; மீண்டும் சூடேற்றினார். கண்டதைக் கண்டபடி எழுதி வைத்தார். அதன் காரணம் விளங்கச் சுமார் 100 ஆண்டுகள் ஆயின.

1930-ம் ஆண்டு, அமெரிக்கரான சாமுவேல் ரூபன், இதே குணம் உள்ள பொருளால் தெர்மிஸ்டர் என்ற வெப்பக் கருவியைச் செய்தார். அந்த இனத்தைச் சேர்ந்ததுதான் இன்றைய ஏ.சி.களில் உள்ள சிறு மணி.

மெக்கானிக் செய்யும் சோதனை

மின்சாரம் ஓடுவதைத் தடுக்கும் தன்மைக்கு மின்தடை என்று பெயர். அறை சூடானால் மணியின் மின்தடை குறையும். குளிர்ந்தால் கூடும். அதை வைத்து எந்திரம் கணக்குப் போடுகிறது. மின்தடை தவறாகக் குறைந்துபோனால், அறை கொதிக்கிறது என்று எண்ணி எந்திரம் ஓயாமல் ஓடும். தவறாகக் கூடினால், குளிர்ந்துவிட்டது என்று எண்ணி நின்றுவிடும்.

நல்ல மெக்கானிக் அவசரப்பட்டுப் பெரிய பாகத்தை மாற்றமாட்டார். முதலில் மெயின் சுவிட்சை அணைப்பார். மணி தன் இடத்தை விட்டு நழுவிக் குளிர்ந்த குழாயில் இடிக்கிறதா, தூசி மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு அதன் பிளக்கைக் கழற்றி, மல்டிமீட்டரில் அளப்பார்.

25 டிகிரி வெப்பத்தில் பல மணிகள் 10 ஆயிரம் ஓம் காட்டும். சில 5 ஆயிரம் காட்டும். கம்பெனியின் அட்டவணையில் சரியான அளவு இருக்கும். மணியை உள்ளங்கையில் மூடிப் பிடித்தால், எண் மெல்ல இறங்க வேண்டும். பனிக்கட்டி போட்ட நீரில் வைத்தால், ஏற வேண்டும். அசையாமல் நின்றால் மணி செத்துவிட்டது. சுழியம் காட்டினால் உள்ளே ஒட்டிக்கொண்டது. ஒன்றுமே காட்டாவிட்டால் ஒயர் அறுந்துவிட்டது. அதே அளவுள்ள வேறு மணியைப் போட்டால் போதும். எண் சரியாக ஏறி இறங்கினால், குற்றம் வேறு இடத்தில் என்று தெரிந்துகொள்ளலாம்.

சூடேற்று, ஆறவிடு, அளந்து பார். 1833-ல் பாரடே செய்ததும் இதுதான்!

பட்டம் வேண்டாம்

புகழ் வந்தபோதும் பாரடே மாறவில்லை. சர் பட்டத்தை வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியை இருமுறை மறுத்தார். கிறிஸ்துமஸ் நாட்களில் சிறுவர்களைக் கூட்டி, ஒரு மெழுகுவத்தியைக் கொண்டே விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தார்.

முதுமையில் நினைவு தடுமாறியது. 1858-ம் ஆண்டு விக்டோரியா ராணி அவருக்கு ஒரு வீடு கொடுத்தார். 1867-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந்தேதி, அந்த வீட்டில் பாரடே காலமானார். லண்டன் ஹைகேட் கல்லறையில் ஆடம்பரம் இல்லாமல் அடக்கம் செய்யப்பட்டார்.

ஒரு ரொட்டியை ஏழு நாள் வைத்துச் சாப்பிட்ட அந்தச் சிறுவனிடம் பணம் இல்லை. பெரிய படிப்பு இல்லை. எதையும் சோதித்துப் பார்க்கும் பொறுமை இருந்தது. அந்தப் பொறுமையால்தான் இன்று நம் வீட்டு அறை குளிர்கிறது.